எழுத்தில்லாத மூன்று ஸ்லைடுகள்

1

நேற்று பினாங்கில் என் புகைப்படக் கடைக்கு ஒரு விரிவுரையாளர் வந்தார். கண்ணாடி, கழுத்துப்பட்டை, பளபளக்கும் சப்பாத்து. கையில் ஒரு தாள். தாள் முழுக்க எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி எழுத்து. "இதை அப்படியே ஒரு ஸ்லைடில் போட்டுக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் பேச வேண்டும்" என்றார்.

"ஐயா, இதை யார் படிப்பது?" என்றேன்.

"நானே சத்தமாகப் படிப்பேன்."

"அப்படியானால் சுவரில் எதற்கு? வீட்டிலேயே படித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாமே."

கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். இந்தத் தீவில் மேடையேறிப் படம் காட்டிப் பேசிப் பெயர் வாங்கிய படித்தவர்களில் பாதிப் பேர் என் கையால் ஆனவர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அயல்நாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி உங்கள் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். மற்றவர்கள் குளிரைப் பற்றியும் கறிவேப்பிலை கிடைக்காத துக்கத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். இங்கே குளிர் கிடையாது, கறிவேப்பிலை என் கொல்லையிலேயே தழைத்துக் கிடக்கிறது. எனக்கு அந்தத் துக்கம் இல்லை. எனக்கு இருப்பது அருவருப்பு. போன மாதம் ஊருக்கு வந்து திரும்பியதிலிருந்து அது இன்னும் அடங்கவில்லை. நேற்று அந்தத் தாளைப் பார்த்ததும் பொங்கிவிட்டது. எழுதிவிடுகிறேன்.

2

எனக்கு ஸ்லைடு பழக்கம் ஸ்ரீபெரும்புதூர் சினிமா கொட்டகையில் வந்தது. ஐம்பதுகளில் அது ஒரு கீற்றுக் கொட்டாய். மணல் தரை. தரையில் வெற்றிலை எச்சில், பீடித் துண்டு, குழந்தைகள் போன மூத்திரம். அதன்மேல்தான் எல்லோரும் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். அந்த வாடையைப் பற்றிச் சிலர் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். அவர்கள் கொட்டகைக்குள் போனதே இல்லை என்று நினைக்கிறேன்.

ரீல் மாற்றும் இடைவேளையில் கண்ணாடி ஸ்லைடு காட்டுவார்கள். ஜவுளிக்கடை, பல்பொடி, "நாளை முதல்". கண்ணாடித் துண்டில் விளக்குக் கரியும் பிசினும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் ஊசியால் எழுத்தைக் கீறி எடுக்க வேண்டும். அதைச் செய்தவன் நான். யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஜனங்களின் விசில்தான் கற்றுக்கொடுத்தது. ஜவுளிக்கடை முதலாளி தன் பெயர், தகப்பனார் பெயர், கடையில் கிடைக்கும் சேலை வகை, கடை இருக்கும் தெரு எல்லாவற்றையும் ஒரே கண்ணாடியில் எழுதச் சொல்வார். எழுதிக் கொடுப்பேன். சுவரில் விழுந்ததும் விசில், கூச்சல். "டேய், பட்டா படிக்கிறியா, படத்தப் போடுடா!" என்று மணலை அள்ளித் திரையில் வீசுவார்கள். அடுத்த வாரம் அதே கடைக்கு ஒரு சேலைத் தலைப்பை மட்டும் வரைந்து, கீழே கடைப் பெயரை மட்டும் எழுதினேன். கொட்டகையே பேசாமல் பார்த்தது. முதலாளிக்குக் கோபம், தகப்பனார் பெயரை விட்டுவிட்டேன் என்று.

அந்த ஊருக்கு என்னால் ஆனது அவ்வளவுதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பினாங்கில் புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்த மாமா ஒருவருக்கு உதவியாளாகக் கப்பலேறினேன். இன்று அந்த ஸ்டூடியோ என்னுடையது. பல்கலைக்கழகத்தார் என் வாசலில் காத்திருக்கிறார்கள்.

3

கேட்கிறவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஊரில் உங்கள் பிள்ளைகளும் இனி மேடையேறுவார்கள், உதவும்.

ஒரு ஸ்லைடுக்கு ஒரு சங்கதி. இரண்டாவது சங்கதி இருந்தால் இரண்டாவது ஸ்லைடு போடுங்கள். அட்டைச் சட்டம் போட்ட பிலிம் ஸ்லைடைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்குங்கள். வெறுங்கண்ணால் படிக்க முடிந்தால் கடைசி வரிசைக்காரனும் படிப்பான். முடியாவிட்டால் குப்பையில் போடுங்கள். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து இருட்டறையில் கண்ணைக் குத்தும். கருநீலத்தில் வெள்ளை எழுத்து போடுங்கள். சுவரில் இருப்பதை வாயால் படித்துக் காட்டாதீர்கள், கேட்கிறவன் குருடன் இல்லை. ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு பேசாதீர்கள். சட்டத்தின் மூலையில் சிவப்புப் புள்ளியும் எண்ணும் வையுங்கள், தலைகீழாகப் போகாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. நீங்கள் சொல்லப் போவதிலேயே கனமான வார்த்தை எதுவோ, அதைச் சொல்லும்போது சுவரில் ஒன்றும் இருக்கக் கூடாது. அதற்கென்று ஒரு கருப்பு ஸ்லைடு, எழுத்தில்லாமல். திரை இருண்டால் எல்லாத் தலையும் பேசுகிறவர் பக்கம் திரும்பும். இதை நான் சொன்னபோது ஒரு பேராசிரியர் சிரித்தார். "வெறும் கருப்புக்கும் காசு வாங்குவீர்களா?" என்று கேட்டார். வாங்கினேன்.

4

என் மகள் கோதை பினாங்கிலேயே பிறந்தவள். மலாய் பேசுவாள், ஆங்கிலம் பேசுவாள். தமிழ் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும். மூத்த மகனுக்கு அதுவும் இல்லை. அவன் என்னோடு பேசுவதே ஆங்கிலத்தில், அதுவும் பண்டிகைக்குப் பண்டிகை. கோதையாவது என்னோடு சண்டை போடுவாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் பாசன நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். உலகத்தில் எத்தனையோ நீர் இருக்க, அவள் எடுத்துக்கொண்டது பிள்ளைப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஏரியை. நான் எதை விட்டு ஓடி வந்தேனோ அதைத் தேடிப் போகிறாள். இரண்டு வருஷம் அங்கேயே தங்கி அளக்க வேண்டுமாம். அதற்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாக வந்திருக்கும் பொறியியல் கல்லூரி ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால்தான் பல்கலைக்கழகம் பணம் தரும், அங்கே தங்குவதற்கு அனுமதியும் கிடைக்கும். கல்லூரி முதல்வர் எழுதியிருந்தார்: எங்கள் கருத்தரங்குக்கு வந்து பேசுங்கள், கேட்டுவிட்டு முடிவு சொல்கிறோம் என்று. பேச்சுக்குக் கால் மணி. ஸ்லைடு பதினைந்துக்கு மேல் கூடாது. அந்தக் கால் மணியில்தான் அவளுடைய இரண்டு வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்லைடை வேறு யார் செய்வது? நானும் அவளும் கடையில் உட்கார்ந்து கத்திக்கொண்டோம்.

"இந்தக் கோடு கோடா இருக்கிற படம் எதுக்கு? எடுத்துடு."

"அது மழையும் ஏரி மட்டமும்ப்பா. அதை எடுத்தா நான் எஞ்சினியருங்க கிட்ட என்ன பேசுறது? இது சினிமா கொட்டகை இல்லலா."

"கொட்டகைக்காரன் கண்ணும் எஞ்சினியர் கண்ணும் ஒரே கண்தான்."

"ஒரே கண்தான், கேள்வி வேறப்பா."

அந்தக் கோட்டுப் படத்தை விட்டுக்கொடுத்தேன். மற்றபடி நான் சொன்னதுதான் நடந்தது. அதில் மூன்று ஸ்லைடு எனக்குக் கண் மாதிரி. மூன்றிலும் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. இரண்டாவது: நிரம்பித் ததும்பும் ஏரி, என் தம்பி பல வருஷத்துக்கு முன் எடுத்த பழைய படம். ஒன்பதாவது: ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய், இப்போது உடைந்த செங்கல்லால் தூர்த்து, மேலே லாரி போகிற பாதையாகக் கிடப்பது. அதை அவள் முந்தைய முறை போனபோது எடுத்து வந்தாள். பதினான்காவது: கருப்பு. ஒன்பதாவதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. மழை குறையவில்லை, தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டார்கள் என்பதுதான் அவள் கண்டுபிடித்தது.

5

விமானம் இறங்கிய இடத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி ஸ்லைடுப் பெட்டியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா சார் இது, ஒரு மாதிரி படமா?"

"ஏரிப் படம்."

"ஏரியப் பாக்கவா ஃபாரின்லேர்ந்து படம் எத்துக்கினு வர்றீங்க?"

வடை தின்ற கையால் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஏரி நடுவில் எண்ணெய் விரல். எதிர்பார்த்தது கிடைக்காத கோபத்தில் அப்படியே அள்ளிக் கொட்டினார். கோதை துடைத்து, எண் பார்த்து அடுக்கினாள். நான் திட்டினேன். திட்டினதற்காக இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள்.

ஊரில் என் தம்பி ஏகாம்பரம் வரவேற்றான். ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிர் வைத்தவன், பிறகு ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர், இப்போது நிலம் வாங்கி விற்கிறவர்களுக்கு நடுவில் நிற்கிறவன். கல்லூரிக்கு இடம் முடித்துக் கொடுத்ததே அவன்தான். அதனால் கருத்தரங்கு வரவேற்புக் குழுவிலும் அவன் பெயர். யாரைக் கண்டாலும் இடுப்பை வளைத்துக் கும்பிடுவான். எனக்குப் பார்க்கவே கூசும்.

"ண்ணா, நம்ம சூளைக்கார் தணிகாசலம்தான் சீப் கெஸ்ட். மதிய சாப்பாடு பூரா அவர் செலவு. கோதையோட பேச்சுல அவர ஒரு தபா காட்டிட்டா நல்லாருக்கும்."

"ஏண்டா, அவளே கால் மணி நேரம்தான் பேசப் போறா. இதுல அவன் மூஞ்சிய எங்கடா காட்றது?"

"மேடை மரியாதை ஒண்ணு கீதுண்ணா. ஒனக்கு அங்க போயி எல்லாம் மறந்து பூட்ச்சி."

மறக்கவில்லை. நம்மூர் மேடையில் ஏறியவன் முதலில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் பட்டம் சொல்லி "அவர்களே" போட்டு முடித்து, பிறகு "நேரம் குறைவாக இருப்பதால்" என்று சொல்லி இறங்கிவிடுவான். அது மரியாதை இல்லை, பயம். ஆளை விட்டுவிட்டால் நாளைக்கு என்ன செய்வானோ என்கிற பயம். நான் கண்டிப்பாகச் சொன்னேன்: "எங்க ஸ்லைடு மேல கைய வச்சே, ஒடிச்சிடுவேன்." அவன் சிரித்தான். என் தம்பி சிரித்தால் சரி என்று அர்த்தமில்லை. எனக்கு அது மறந்துதான் போயிருந்தது.

6

கல்லூரி மண்டபத்தில் இன்னும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. முன் வரிசையில் சோபா, அதில் தணிகாசலம். வெள்ளை வேட்டி, கை நிறைய மோதிரம். அவருக்குச் சொந்தம் ஏரிக்கு மேற்கே இருக்கிற செங்கல் சூளை. கம்பெனிகள் வரப் போகின்றன என்று சொல்லிச் சொல்லியே அவர் சூளை மூன்று மடங்காகிவிட்டது. பின் வரிசையில் பிள்ளைப்பாக்கத்து ஆட்கள். ஏரியைப் பற்றி ஏதோ சொல்கிறார்களாம் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

கோதைக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் என் பொறுமையைச் சோதித்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துப் படித்தார். ஒருவர் புத்தகப் பக்கத்தையே படம் பிடித்துக் காட்டி "இது உங்களுக்குத் தெரியாது" என்றார். தெரியாததை ஏன் காட்டுகிறாய்? ஒருவருக்குப் பாதியிலேயே மணி அடித்துவிட்டது. அதுவரைக்கும் அவர் "அவர்களே"யை விட்டு வெளியே வரவில்லை.

கோதை ஏறினாள். வணக்கம் சொன்னாள், நேராக விஷயத்துக்கு வந்தாள். முதல் ஸ்லைடு, ஊர்ப் படம். "இந்த ஏரி ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று பாருங்கள்" என்று பொத்தானை அழுத்தினாள்.

சுவரில் ஒரு பெண் கை கூப்பிக்கொண்டு நின்றாள். "நல்வரவு."

கோதை தயங்கியது ஒரு மூச்சு. "நல்வரவு சொல்கிற மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள். மண்டபம் சிரித்தது, சமாளித்துவிட்டாள். எனக்குத்தான் காது கொதித்தது. பக்கத்தில் இருந்த ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் திருப்தியாக உட்கார்ந்திருந்தான்.

மழைக் கோட்டுப் படம் வந்தபோது பொறியியல் ஆசிரியர்கள் முன்னால் குனிந்தார்கள், குறித்துக்கொண்டார்கள். சரி, அது இருக்க வேண்டிய படம்தான். பிறகு அவள் குரலை உயர்த்தினாள். "மழை குறையவில்லை. அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? இந்த ஏரியைக் கொன்றுகொண்டிருப்பது எது? நீங்களே பாருங்கள்."

அழுத்தினாள்.

கழுத்து நிறைய ரோஜா மாலையோடு தணிகாசலம் சுவரளவு உயரத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்.

பின் வரிசையிலிருந்து ஒரு விசில். முப்பது வருஷத்துக்கு முன் கொட்டகையில் கேட்ட அதே விசில். "கரீட்டா சொல்லிச்சிடா பொண்ணு!" என்று ஒரு குரல். "சூப்பரு!" என்று இன்னொன்று. கைதட்டல் பின்னாலிருந்து முன்னால் உருண்டு வந்து சோபாவில் முட்டி நின்றது. தணிகாசலம் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "இதுக்குத்தான் கூப்ட்டீங்களா? சாப்பாட்டையும் நானே போட்டு, செருப்படியும் நானே வாங்கிக்கணுமா?" என்று முதல்வரைக் கேட்டுவிட்டு வெளியேறினார். பின்னாலேயே முதல்வர் ஓடினார்.

கோதைக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. அவளிடம் அந்தக் கால்வாய்ப் படம் இல்லை. வாயாலேயே சொன்னாள், சூளை பெயரைச் சொல்லாமல். முடிவில், திரை இருளும்போது சொல்ல வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள். சுவரில் "நன்றி, மீண்டும் வருக" என்று வந்து நின்றது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

வெளியே ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாடா பண்ணே?"

"ண்ணா, காலீல பெட்டிய மிசின் ரூமுல குடுத்தப்போ, பதினஞ்சுக்கு மேல கூடாதுன்னு மிசின் ஓட்றவன் சொல்லிட்டான். கமிட்டி ஸ்லைடு மூணு சேக்கணும்னா மூணு எடுக்கணும். பாத்தேன். மூணுல ஒண்ணுமே எழுதல. ஒண்ணு பூரா கருப்பு, கெட்டுப்போன பிலிமுன்னு நெனச்சேன். எழுதாதது தானே, போனா இன்னான்னு எடுத்தேன். நம்பரு மாறப்படாதுன்னு அந்தந்தக் குழியிலயே நம்முளுத வச்சேன். நாளிக்கு நீ திட்டுவியேன்னு!"

அவன் சட்டைப் பையிலிருந்து மூன்றையும் எடுத்துக் கொடுத்தான். வெற்றிலைப் பொட்டலத்தோடு வைத்திருந்தான். என் கருப்பு ஸ்லைடில் சுண்ணாம்பு. கை ஓங்கினேன். கோதை நடுவில் வந்தாள். "விடுங்கப்பா. சித்தப்பா நம்பரை மாத்தல. அது வரைக்கும் நல்லது."

7

மறுநாள் காலை முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். போனோம். மேசைமேல் கடிதம் தட்டச்சாகி இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

"உங்கள் மகள் நன்றாகப் பேசினாள். எங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் அவள் வர வேண்டும் என்கிறார்கள்" என்றார். "ஒரே ஒரு விஷயம். நேற்று காட்டாமல் போன அந்தக் கால்வாய்ப் படம், உங்கள் தம்பி சொன்னார். அதை ஆய்வில் சேர்க்கவில்லை, இனி எங்கேயும் காட்டவும் மாட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் நானும் இதில் போட்டுவிடுகிறேன். தணிகாசலம் எங்கள் விடுதிக்குச் செங்கல் தருகிறார், அம்மா. புரிந்துகொள்ள வேண்டும்."

நான் எழுந்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதினால் ஆசிரியர் போட மாட்டார். வரத்துக்கால்வாயைத் தூர்த்த செங்கல்லில் விடுதி, அந்த விடுதியில் பாசனம் படிக்கிற பிள்ளைகள்! காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்புவதற்குக்கூட அந்த அறையில் சுத்தமான இடமில்லை.

கோதை என் கையைத் தொட்டாள். "அப்பா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

அவள் பிறந்ததிலிருந்து என்னை எங்கேயும் வெளியில் இருக்கச் சொன்னதில்லை. வராந்தாவில் நின்றேன். ஏகாம்பரம் தூணோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கோதை அந்தக் காகிதத்தை முதல்வர் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வருவாள் என்று எதிர்பார்த்தேன். என் மகள் என்றால் அதைத்தான் செய்ய வேண்டும். சாயங்காலமே விமானத்துக்குப் போய்விடலாம் என்று மனதுக்குள் பெட்டியும் கட்டிவிட்டேன்.

கடிதத்தோடு வந்தாள். அதில் முதல்வர் கையெழுத்து இருந்தது.

"போட்டுட்டியா கண்ணு?" என்றான் ஏகாம்பரம்.

"போட்டுட்டேன் சித்தப்பா."

"அப்பாடா! ண்ணா, பொழச்சிக்கும்ண்ணா நம்ம பொண்ணு!"

என் காதில் ஈயத்தை ஊற்றியிருக்கலாம். இந்த ஊர் ஒரு மனிதனுக்குத் தருகிற பெரிய பட்டம் அது. நான் அதை வாங்கிக்கொள்ளாமல் கப்பலேறியவன். "கோதை, ஒரு படத்துக்காகவா நாம இவ்வளவு தூரம் வந்தோம், அதையே கொடுத்துட்டியே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"படம்தான்ப்பா கொடுத்தேன். கால்வாயை யாரும் கேட்கல."

சாலைக்கு வந்தோம். ஒரகடம் பக்கமிருந்து செங்கல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. தணிகாசலத்தின் லாரி. ஏகாம்பரம் கையைக் காட்டினான். நின்றது. "ஏறுண்ணா, ஏரி வழியாத்தான் போவுது, பஸ்ஸுக்கு நின்னா பொழுது பூடும்" என்றான்.

அந்த லாரியில் நான் ஏறவில்லை. ஏறமாட்டேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திரும்பி நடந்தேன். அன்றிரவே அவளில்லாமல் கிளம்பினேன். இதுவரைக்கும் அவளோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் நான் நாலு எட்டு வைக்கும்போதே அவள் ஏறிவிட்டாள். டிரைவருக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் அவனைக் கேட்டது என் காதில் விழுந்தது.

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை லோடு போவீங்க? எந்த வழியா?"

அவன் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தான். அவள் பையிலிருந்து பேனாவை எடுப்பது தெரிந்தது. லாரி நகர்ந்துவிட்டது.